கரண்டியைக் கொஞ்சம் காட்டுங்களேன்

சேலம் பக்கத்துல மல்லமூப்பம்பட்டின்னு ஒரு ஊர். அங்கே ஒருத்தர் ஏலியனுக்குக் கோயில் கட்டியிருக்கார். 2024-ல் இது பெரிய செய்தியாச்சு, ஞாபகம் இருக்கும். வேற்றுக்கிரகவாசிகளோட பேசியிருக்கேன், அவங்க அனுமதி வாங்கித்தான் கட்டுறேன், இயற்கைச் சீற்றத்திலேர்ந்து உலகத்தைக் காப்பாத்துற சக்தி அவங்களுக்கு உண்டு, இதுதான் அவர் சொன்னதோட சுருக்கம். நம்ம திண்டுக்கல்லிலேர்ந்து கரூர், நாமக்கல் வழியா நாலுவழிச் சாலையில போனா ஒரு மூணு மணி நேரம். மைக்கைத் தூக்கிட்டு ஆளாளுக்குப் போனாங்க. நானும் உட்கார்ந்து ஒரு ஏழெட்டுப் பேட்டி பார்த்துத் தொலைச்சேன்.

பார்த்ததுல எனக்குத் தெரிஞ்சது, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஆட்களைப் பேட்டி எடுக்க ரெண்டே வழிதான் வெச்சிருக்கோம். ஒண்ணு, நக்கல். நடுநடுவே வடிவேலு துண்டு ஒட்டி, கேள்வி கேட்கும்போதே சிரிப்பை அடக்குற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கறது. இன்னொண்ணு, பயபக்தி. "ஐயா, எங்களுக்கெல்லாம் புரியுற மாதிரி கொஞ்சம் சொல்லுங்க" என்று வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்பது, பின்னாடி ஓம்ம்ம்னு ஒரு இசை. ரெண்டுலயும் கேள்வின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முதலாவது ஆளைக் கேவலப்படுத்துது, இரண்டாவது பார்க்கிறவனை ஏமாத்துது. ரெண்டுக்கும் காசு மட்டும் ஒரே மாதிரி வருது.

சரி, வேற எப்படித்தான் கேட்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு எழுபத்தஞ்சு வருஷத்துச் சரித்திரம் இருக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமாப் போகும், காபி டம்ளரோட உட்காருங்க.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு அக்கறைன்னு முதல்ல சொல்லிடறேன். 2004-ம் வருஷம், மார்ச் மாசக் கடைசி. எனக்குப் பெரியப்பா முறை வேணும் ஒருத்தர், செம்பட்டிப் பக்கம் தோட்டம், தென்னையும் கொஞ்சம் மாட்டுத் தீவனமும். டவுனுக்கு வந்துட்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியில ராத்திரி ஏழரை மணி போலத் திரும்பியிருக்கார். வலது பக்கம், தென்னைகளுக்கு நடுவுல ஒரு வெளிச்சம் கூடவே ஓடி வந்திருக்கு. நிறுத்தினா அதுவும் நிக்குது. கிளம்பினா அதுவும் கிளம்புது. நடுவுல கொஞ்ச நேரம் மங்கி, மறுபடி பளிச்சுனு எரிஞ்சிருக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தா மலைக்கு மேல நின்னு, அப்புறம் மலைக்குப் பின்னாடி இறங்கிடுச்சாம். மனுஷன் சாப்பிடாம படுத்துட்டார்.

அவர் யாருக்கும் போன் போட்டுச் சொல்லலை. டீக்கடையில சொன்னார், அது பரவி, ஒரு உள்ளூர் கேபிள் சேனல்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. மைக்கை நீட்டின பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருந்தா அதிகம். "என்ன பெருசு, எத்தனை ரவுண்டு போட்டுட்டு வந்தீங்க?" இதுதான் முதல் கேள்வி. அவர் வாழ்நாள்ல குடிச்சதில்லை. அடுத்தது "உள்ளேர்ந்து யாராச்சும் எறங்குனாங்களா, பொம்பளையா ஆம்பளையா?" வீடியோவை நாலு நாள் போட்டாங்க. அந்த வருஷம் பூரா அவர் டவுனுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டார். தேங்காய் லோடுக்கு மகனைத்தான் அனுப்புவார். நான் அப்போ அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிச்ச ஆள்தான், அதையும் ஒத்துக்கிடணும்.

இப்போ சரித்திரத்துக்கு வருவோம்.

பறக்கும் தட்டுன்னு சொல்றோமே, அந்தப் பேரே ஒரு பேட்டியில நடந்த கோளாறுதான். 1947 ஜூன் 24. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், ரெய்னியர் மலைப் பக்கம் கென்னத் ஆர்னால்டு என்கிற வியாபாரி தன்னோட சின்ன விமானத்துல போயிட்டிருந்தார். ஒன்பது பளபளப்பான பொருள்கள் வரிசையாப் பறந்து போனதைப் பார்த்ததாச் சொன்னார். மறுநாள் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை ஆபீஸ்ல போய் விவரிச்சார். அவர் சொன்னது அது எப்படி *நகர்ந்தது* என்று. கண்மாய்ல ஓட்டாஞ்சில்லை விசிறிவிட்டா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி, தட்டைத் தண்ணியில எறிஞ்சா எப்படித் துள்ளுமோ அப்படிப் பறந்ததுன்னார். செய்தி ஊர் ஊராப் போனப்போ அது தட்டு *வடிவத்துல* இருந்ததுன்னு ஆயிடுச்சு. "பறக்கும் தட்டு" பிறந்தது இப்படித்தான். ஆர்னால்டு வரைஞ்சு காட்டின படத்துல அது முழு வட்டமே இல்லை, பின்பக்கம் வெட்டின மாதிரி இருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கப்புறம் அமெரிக்கா முழுக்க ஜனங்க பார்த்தது எல்லாமே தட்டு! நிருபர் தப்பா எழுதின வடிவம் வானத்துல பறக்க ஆரம்பிச்சிடுச்சு. பேட்டி எடுக்கிறவன் ஒரு சொல்லைத் தவறவிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

மூணு வருஷம் கழிச்சு, 1950 ஏப்ரல்ல, சி.பி.எஸ். வானொலியில எட்வர்ட் முர்ரோ இந்த ஆர்னால்டுகிட்டப் பேசினார். முர்ரோ யாருன்னு தெரியாதவங்களுக்கு: இரண்டாம் உலகப் போர்ல லண்டன் மேல குண்டு விழும்போது அங்கேயே நின்னு செய்தி சொன்ன மனுஷன். அவர் நக்கலும் பண்ணலை, வியந்து போகவும் இல்லை. பேச விட்டார். அப்பதான் ஆர்னால்டு, என்னைத் தப்பா மேற்கோள் காட்டிட்டாங்க, நான் சொன்னது வடிவத்தை இல்லை, பறந்த விதத்தைன்னு விளக்கினார். மூணு வருஷமா நாடே பேசின விஷயத்துல அடிப்படைத் தப்பு ஒண்ணு, நிதானமா ஒருத்தர் கேட்டதும் வெளியே வந்துச்சு. ஆர்னால்டு பார்த்தது என்னன்னு முர்ரோ முடிவு பண்ணலை. பண்ணவும் தேவையில்லை.

அதே 1950-கள்ல நியூயார்க்ல லாங் ஜான் நெபல்னு ஒரு வானொலிக்காரர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல விடிய விடிய நிகழ்ச்சி. பறக்கும் தட்டுல ஏறினவன், சுக்கிரன்ல இருந்து வந்த பெண்ணோட பேசினவன், எல்லாரும் அவர்கிட்ட வருவாங்க. ஹோவர்ட் மெங்கர்னு ஒருத்தர், விளம்பரப் பலகை எழுதுறவர், நிலாவுல விளைஞ்ச உருளைக்கிழங்கு வரைக்கும் கதை வெச்சிருந்தார். (நம்மகிட்டச் சொல்லியிருந்தா கொடைக்கானல் கிழங்கோட பக்கத்துல வெச்சுப் பார்த்திருப்போம்.) நெபல் இதையெல்லாம் தானா நம்பினதாத் தெரியலை. ஆனா குறுக்கே பேசமாட்டார், கேட்கிறவங்க முடிவு பண்ணிக்கட்டும்பார். கேட்க நல்லாத்தான் இருக்கு. விடிய விடிய கேட்டவங்களுக்குப் பொழுதும் போச்சு. ஆனா அந்த மேடையிலேர்ந்து புத்தகம் வித்தவங்களும் சங்கம் ஆரம்பிச்சவங்களும் இருக்காங்க. "நான் மேடை மட்டும்தான் கொடுத்தேன்" என்கிற சமாதானம் எனக்கு ஒத்துவரலை. சந்தையில கடை போட இடம் விட்டவனுக்கும் எடைக்கல் சரியான்னு பார்க்கிற பொறுப்பு கொஞ்சம் உண்டுதானே.

1958-ல ரெண்டு மாசத்துக்குள்ள ஒரே ஆளுக்கு ரெண்டு அனுபவம். டொனால்ட் கீஹோ, ஓய்வுபெற்ற கடற்படைப் பிரிவு மேஜர். விமானப்படை பறக்கும் தட்டு உண்மையை மறைக்குதுன்னு புத்தகம் எழுதினவர். ஜனவரி 22-ம் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சியில நேரடி ஒளிபரப்பு. முன்கூட்டியே எழுதி வெச்ச வசனத்தைத்தான் படிக்கணும்னு ஏற்பாடு. கீஹோ நடுவுல அதை விட்டுட்டு, இதுவரைக்கும் வெளியே வராத ஒண்ணைச் சொல்லப் போறேன்னு ஆரம்பிச்சார். டப்புனு சத்தத்தை வெட்டிட்டாங்க. வாய் அசையுது, குரல் இல்லை! மறைக்கிறாங்கன்னு சொல்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய பரிசை யாரால கொடுக்க முடியும்? நம்பாதவன்கூட அன்னிக்கு ராத்திரி நம்பியிருப்பான்.

மார்ச் 8-ம் தேதி அதே கீஹோ, மைக் வாலஸ் முன்னாடி உட்கார்ந்தார். கறுப்புப் பின்னணி, வாலஸ் கையில சிகரெட் (அந்தக் காலத்துல அதுதான் விளம்பரதாரர்). விமானப்படை என்ன சொல்லியிருக்குன்னு எடுத்து வெச்சு, இதுக்கு உங்க பதில் என்னன்னு ஒண்ணொண்ணாக் கேட்டார். கீஹோவும் பதில் சொன்னார். யாரும் சத்தத்தை வெட்டலை, யாரும் சிரிக்கலை. இன்னிக்குப் படிச்சாலும் கீஹோ எங்கே ஆதாரம் காட்டுறார், எங்கே "ஒருத்தர் சொன்னார்" என்று நழுவுறார்னு பிரிச்சுப் பார்க்கலாம். நல்ல பேட்டிக்கு எனக்குத் தெரிஞ்ச அடையாளம் இதுதான்: அம்பது அறுபது வருஷம் கழிச்சுப் படிக்கிறவனுக்கும் அது பயன்படும்.

ஆனா பேச்சுக் கேள்வியால எல்லாத்தையும் பிடிக்க முடியாது. சில ஆட்கள் கையில ஒரு பொருளோட வருவாங்க. இங்கேதான் நம்ம ராஜபாளையத்துக்காரர் வர்றார்.

1996. ராமர் பிள்ளை. ராஜபாளையம் பக்கத்துல இடையன்குளம். பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர், ஒரு மூலிகையை வெச்சுத் தண்ணியிலேர்ந்து பெட்ரோல் எடுக்கிறேன்னார். லிட்டர் ஒரு ரூபாய்க்குத் தரலாம்னார். அந்த வருஷம் தமிழ்நாட்டுல இதைப் பேசாத டீக்கடை இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல எங்க செட்டு ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டது எனக்கே ஞாபகம் இருக்கு. (நான் எந்தப் பக்கம்னு கேட்காதீங்க :-) ) பத்திரிகைகள் அவரைத் தூக்கி வெச்சு ஆடிச்சு. டெல்லியில செஞ்சு காட்டினப்போ அறிவியல் துறை அதிகாரிகளே முதல்ல அசந்துதான் போனாங்க. படிக்காத கிராமத்தான் பெரிய பெரிய கம்பெனிக்காரனை ஜெயிச்சிட்டான் என்கிற கதை எல்லாருக்கும் வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது, சரிதானே, வயித்துல பால் வார்க்கிற கதை.

செய்முறை எல்லாரும் பார்த்ததுதான். தண்ணியைச் சூடு பண்ணி, இலையைப் போட்டு, உப்பு, எலுமிச்சை, ஏதேதோ சேர்த்து, கரண்டியால கிளறுவார். கொஞ்ச நேரத்துல மேல எண்ணெய் மாதிரி மிதக்கும். பத்த வெச்சா எரியும். எத்தனை நிருபர் போயிருப்பாங்க! அவங்க கேட்டதெல்லாம் என்ன இலை, எந்த மலையில கிடைக்குது, எத்தனை வயசுல கண்டுபிடிச்சீங்க, உங்களுக்குக் கொலை மிரட்டல் வருதா... எல்லாரும் இலையையே பார்த்தாங்க.

கடைசியில விஞ்ஞானிகள் சொன்னது கரண்டியைப் பத்தி. உள்ளே கூடான கரண்டி, அதுக்குள்ள எரிபொருள், நுனியில மெழுகு அடைப்பு. சூட்டுல மெழுகு உருகும், உள்ளே இருக்கிறது வெளியே வந்து மிதக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில சோதிச்சப்போ சாயம் வெளுத்துச்சு.

"அண்ணே, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் காட்டுங்களேன். இந்தாங்க, இதுக்குப் பதிலா எங்க வீட்டுக் கரண்டியால ஒரு தடவை கிளறுங்களேன்." இந்த ஒரு வாக்கியத்தை மரியாதையா, சிரிச்ச முகமா யாராவது ஆரம்பத்துலயே கேட்டிருந்தா விஷயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அதுக்கு வேதியியல் பட்டம் வேண்டாம். எங்க ஊர்ல பூட்டு வாங்கப் போனா கடைக்காரர் கொடுத்த சாவியை மட்டும் போட்டுப் பார்த்துட்டு யாரும் வந்துட மாட்டோம். நாலு இழுவை இழுத்து, பக்கத்துப் பூட்டுச் சாவியையும் நுழைச்சுப் பார்த்துட்டுத்தான் காசை எடுப்போம். கடைக்காரர் கோவிச்சுக்கவும் மாட்டார். நல்ல பூட்டு வெச்சிருக்கிறவருக்கு அதுல பெருமைதான்.

கேட்காததுக்கு என்ன விலை தெரியுமா? சாயம் வெளுத்த பிறகும் கதை முடியலை. 1999, 2000-த்துல சென்னையில கடை போட்டு அந்த எரிபொருளை வித்தாங்க. ரெண்டு கோடி ரூபாய்க்கு மேல. சி.பி.ஐ. வழக்குப் போட்டுச்சு. அது மூலிகை இல்லை, டொலுவீன், நாப்தா மாதிரிப் பெட்ரோலிய சரக்குகளோட கலவைன்னு கண்டுபிடிச்சாங்க. தீர்ப்பு வந்தது 2016 அக்டோபர்ல, ராமர் பிள்ளைக்கும் கூட்டாளிகளுக்கும் மூணு வருஷம் சிறைத்தண்டனை. 1996-ல ஆரம்பிச்சது, இருபது வருஷம்! நடுவுல நம்பிப் பணம் போட்டவங்க, அந்த எரிபொருளை வண்டியில ஊத்தினவங்க, இவங்களை எந்தச் சேனலும் பேட்டி எடுக்கலையே... நான் பார்த்த வரைக்கும் இல்லை.

கரண்டியை மாத்திக் கொடுக்கிறதுன்னா என்னன்னு தொலைக்காட்சியில செஞ்சே காட்டினவர் ஜானி கார்சன். 1973 ஆகஸ்ட் 1. யூரி கெல்லர் வந்தார், பார்வையாலேயே ஸ்பூன் வளைக்கிறவர். (இவரோட சக்தி விண்வெளியிலேர்ந்து, ஸ்பெக்ட்ரான்னு ஒரு கலத்திலேர்ந்து வருதுன்னு அவரை ஆராய்ஞ்ச புஹாரிச் அடுத்த வருஷமே புத்தகம் போட்டார், ஆக இதுவும் நம்ம விஷயம்தான்.) கார்சன் டி.வி.க்கு வர்றதுக்கு முன்னாடி மேஜிக் பண்ணினவர். ஜேம்ஸ் ராண்டிகிட்ட யோசனை கேட்டார். ராண்டி சொன்னது சின்ன விஷயம்தான்: பொருள்களை நீங்களே ஏற்பாடு பண்ணுங்க, நிகழ்ச்சிக்கு முன்னாடி அவரோ அவர் ஆட்களோ கிட்டப் போக விடாதீங்க. அவ்வளவுதான். இருபது நிமிஷத்துக்கு மேல கெல்லர் தவிச்சார். இன்னிக்கு சக்தி சரியா வரலைன்னார். கார்சன் அதட்டலை, கிண்டலும் பண்ணலை, பொறுமையாக் காத்துக்கிட்டே இருந்தார். அந்த மௌனம்தான் கேள்வி.

ஆனா பாருங்க, கெல்லரோட மார்க்கெட் அதனால விழலை! தோத்ததே அவர் நிஜம்னு காட்டுது, மேஜிக்காரனா இருந்தா தவறாம செஞ்சிருப்பானேன்னு ஜனங்க பேசினாங்க. அடுத்த சேனல் கூப்பிட்டுச்சு. அந்த நிகழ்ச்சிதான் தன்னை வளர்த்துவிட்டதுன்னு கெல்லரே பின்னாடி சொல்லியிருக்கார். அதனால நல்ல பேட்டி எடுத்தா மூடநம்பிக்கை ஒழிஞ்சுடும்னு நான் சொல்ல வரலை. ஒழியாது. பார்க்கிறவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம், அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு.

இங்கே கோவூரைச் சொல்லாம விடக்கூடாது. ஆபிரகாம் கோவூர், 1898-ல திருவல்லாவுல பிறந்து இலங்கையில வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர். யாழ்ப்பாணத்துலயும் பாடம் நடத்தினவர். 1963-ல, மோசடிக்கு வழியில்லாத நிலையில அற்புதம் செஞ்சு காட்டுறவருக்கு ஒரு லட்சம் ரூபாய்னு சவால் விட்டார். 1978-ல இறக்குற வரைக்கும் யாரும் வாங்கலை. அவரைப் பத்திப் பேசுறவங்க இந்தச் சவாலைத்தான் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது அவரோட இன்னொரு பக்கம். பேய் பிடிச்சிருக்கு, வீட்டுல கல்லு விழுதுன்னு பயந்து வர்றவங்ககிட்ட அவர் சவால் விட்டதில்லை. உட்கார வெச்சு, வீட்டுல யார் யார், எப்போ ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு ஒரு டாக்டர் மாதிரி விசாரிப்பார். அற்புதம் *விக்கிறவனுக்கு* ஒரு முகம், அற்புதத்துல *மாட்டிக்கிட்டவனுக்கு* ஒரு முகம். நம்ம சேனல்காரங்க இதைத் தலைகீழாப் பண்றாங்க. விக்கிறவர்கிட்ட கைகட்டி நிக்கிறாங்க, மாட்டிக்கிட்ட பெரியப்பாகிட்ட நக்கல்.

2008 மார்ச் 3-ம் தேதி இந்தியா டி.வி.யில நடந்ததையும் சிலர் உதாரணம் காட்டுவாங்க. ஒரு தாந்திரீகர், மந்திரத்தாலேயே மூணு நிமிஷத்துல ஆளைக் கொல்லுவேன்னார். பகுத்தறிவாளர் சனல் இடமருகு, என்னையே கொல்லுங்கன்னு உட்கார்ந்துட்டார். மணிக்கணக்கா மந்திரம், இவர் சிரிச்சுக்கிட்டே இருந்தார், ராத்திரி வேற தனியா ஹோமம், கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகலை. தைரியம்தான், நானும் ரசிச்சேன். ஆனா அது பேட்டி இல்லை, கோழிச்சண்டை. அதுவும் எல்லாத்துக்கும் பொருந்தாது. கொல்லுவேன்னு சொன்னா "கொல்லு பார்ப்போம்" எனலாம். "வானத்துல வெளிச்சம் பார்த்தேன்" என்கிறவரை என்ன சவால் விடுறது? இன்னொரு தடவை வரச்சொல்லுன்னா? :-)

பட்டிமன்றமும் உதவாதுங்கிறேன். திண்டுக்கல் லியோனியைக் கொடுத்த ஊர்க்காரன், பட்டிமன்றத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனா "ஏலியன் உண்டா இல்லையா"ன்னு இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர் உட்கார்த்தி வெச்சா, கைதட்டல் வாங்கினவன் ஜெயிப்பான். கண்ணகியா மாதவியான்னு அப்படித் தீர்ப்புச் சொல்லலாம். சாயங்காலம் ஏழரை மணிக்கு மேற்குல என்ன தெரிஞ்சதுங்கிறதைக் கைதட்டி முடிவு பண்ண முடியாது.

2023-ல இந்தப் பேச்சு மறுபடி கிளம்பினது தெரியும். ஜூலை 26-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி டேவிட் க்ரஷ் என்கிற முன்னாள் உளவுத்துறை அதிகாரி, அரசாங்கம் வேற்றுலகக் கலங்களை ஒளிச்சு வெச்சிருக்குன்னு சத்தியம் பண்ணிச் சொன்னார். உலகம் பூரா தலைப்புச் செய்தி. ஆனா அந்த விசாரணையில வெளிவந்த முக்கியமான சங்கதி அதுல பாதி பேர் கண்ணுல படலை: அவர் தானா எதையும் பார்க்கலை, நாற்பது பேருக்கு மேல சொன்னதைக் கேட்டிருக்கார். கேட்டது வேற, கண்டது வேற. 2024 மார்ச்ல பென்டகனோட பிரிவு ஒண்ணு பழைய ஆவணங்களை எல்லாம் அலசிட்டு, வேற்றுலகத்துக்காரங்க வந்ததுக்கு ஆதாரம் இல்லைன்னு அறிக்கை கொடுத்துச்சு. அதுக்குத் தலைப்புச் செய்தி இல்லை.

அதே 2023 ஜூலைக் கடைசியிலதான் நம்ம ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரதீப் பிலிப், முட்டுக்காட்டுப் பக்கம் கடற்கரையில வானத்துல ஏதோ பார்த்ததாச் சொல்லிப் படங்களும் கொடுத்தார். ஆள் பெரிய போலீஸ் அதிகாரி, அதனால நக்கல் கம்மி. பெருசுன்னு யாரும் கூப்பிடலை. நான் கவனிச்சது அதைத்தான். செம்பட்டித் தோட்டக்காரர் சொன்னா ரவுண்டு, டி.ஜி.பி. சொன்னா மர்மம்! கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எந்தத் திசை? தரையிலேர்ந்து எவ்வளவு உயரம், கையை நீட்டிக் காட்டுங்க. எத்தனை நிமிஷம்? நீங்க நின்னப்போ நின்னுச்சா? மேகம் இருந்துச்சா? கூட யார்? போன்ல எடுத்த படத்தை வெட்டாம, நேரத்தோட தர முடியுமா? அப்புறம், பேட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தத் தேதிக்கு வானத்துல வெள்ளி எங்கே, வியாழன் எங்கே, விண்வெளி நிலையம் எப்போ கடந்துச்சு, இப்போ புதுசா ரயில் பெட்டி மாதிரி வரிசையாப் போற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் உண்டா, இதெல்லாம் போன்லயே பத்து நிமிஷத்துல பார்த்துடலாம். நம்ம மாவட்டத்துலயே கொடைக்கானல்ல 1901-லேர்ந்து சூரியனைப் பார்த்துக்கிட்டு ஒரு ஆய்வகம் இருக்கு. ஒரு போன் போட்டா வானம் படிச்சவங்க யாராவது பதில் சொல்லமாட்டாங்களா?

மல்லமூப்பம்பட்டிக்காரர் விஷயம் கொஞ்சம் கஷ்டம்தான். அவர் திசை சொல்லலை, கரண்டி கொண்டுவரலை. பேசினேன்கிறார். அவர்கிட்ட என்ன கேட்கிறது? நான் போயிருந்தா, அது வரைக்கும் நீங்க தெரிஞ்சுக்க வழியே இல்லாத ஒண்ணை அவங்க சொல்லிக்கொடுத்தாங்களான்னு கேட்டிருப்பேன். கோயிலுக்கு வர்றவங்ககிட்ட காசு வாங்குறீங்களா, எதுக்குன்னு கேட்டிருப்பேன். பதிலை வெட்டாமப் போட்டிருப்பேன். வாங்கலைன்னா அதையும் போட்டிருப்பேன், அவருக்குச் சேர வேண்டிய மரியாதை அது. பின்னணியில ஓம் போட்டிருக்க மாட்டேன். பார்வை கம்மியாத்தான் வந்திருக்கும், தெரியும்.

பெரியப்பா கதையை முடிச்சிடறேன். 2004 ஜூன் 8-ம் தேதி சூரியனைக் குறுக்கே வெள்ளி கடந்தது, காலையிலே ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் கறுப்புப் பொட்டு மாதிரி நகர்ந்துச்சு. நானும் அட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அதுக்காக வெள்ளியைப் பத்திப் படிக்கப் போனப்பதான் உறைச்சுச்சு: அந்த வருஷம் மார்ச் கடைசியிலதான் அது சாயங்கால வானத்துல சூரியனை விட்டு ரொம்பத் தள்ளி, மேற்குல உசரத்துல பளிச்சுனு நின்னிருக்கு. செம்பட்டிக்கு மேற்கே கொடைக்கானல் மலை. தூரத்துல இருக்கிறதால வண்டி ஓடும்போது மரங்கள் பின்னாடி போகும், அது மட்டும் கூடவே வரும். நிலா கூட வருமே, அந்த மாதிரி.

ஜூலை மாசம் தோட்டத்துக்குப் போனேன். கட்டில்ல உட்கார்ந்திருந்தார். வீடியோவைப் பத்திப் பேச்சே எடுக்கலை. எந்தப் பக்கம் பெரியப்பா தெரிஞ்சதுன்னு மட்டும் கேட்டேன். எழுந்து, வரப்பு மேல ஏறி, கையை நீட்டினார். அந்தா, அந்தத் தென்னைக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவுலன்னார். சுத்தமா மேற்கு. எத்தனை மணிக்கு மலைக்குப் பின்னாடி போச்சுன்னு கேட்டேன். ஒம்பது இருக்கும், சீரியல் முடிஞ்சு மருமக கதவைச் சாத்துனான்னார். கணக்குச் சரியா வந்துச்சு. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

"வெள்ளின்னா, இப்ப விடியக்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப கிழக்க நிக்குதே, அதா தம்பி?"

"அதேதான் பெரியப்பா."

"அது மேக்கயும் வருமாக்கும்..." என்றார். அப்புறம் உள்ளே பார்த்து, தம்பிக்கு எளநி வெட்டச் சொல்லு என்றார்.